நீல மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஒரு மளிகைக் கடையை விலைக்கு வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? ஸ்டாக்கை எண்ணிப் பார்ப்பார். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். பிறகு பேரம். ஒரு வைரச் சுரங்கத்தை வாங்க நினைப்பவருக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஸ்டாக் முழுவதும் பூமிக்கு அடியில் கிடக்கிறது. நூறு மீட்டருக்குக் கீழே, ஐநூறு மீட்டருக்குக் கீழே, சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்கு ஒரு விலை போட்டாக வேண்டும்!

இந்த விலையை எப்படிப் போடுவது என்று மனிதன் கற்றுக்கொண்ட கதை தென்னாப்பிரிக்காவில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நீளமான கதைதான், ஆனால் சுவாரசியமானது.

1871 ஜூலை. இப்போது கிம்பர்லி என்று அழைக்கப்படும் ஊர் அப்போது கிடையாது. அங்கே இருந்தது ஃபூரைட்சிக்ட் என்ற பண்ணை. சொந்தக்காரர்கள் டி பியர் என்ற குடும்பப்பெயர் கொண்ட போயர் சகோதரர்கள். அந்தப் பண்ணையில் இருந்த ஒரு சின்ன மேட்டில் வைரம் கிடைத்தது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தோடு வந்து குவிந்தார்கள். டி பியர் சகோதரர்கள் தொல்லை தாங்காமல் பண்ணையை 6,300 பவுண்டுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் உலக வைர வியாபாரத்தையே ஆட்டிவைத்த கம்பெனிக்கு அவர்கள் பெயர்தான். அவர்களுக்குக் கிடைத்தது அந்த 6,300 பவுண்டும் பெயரும் மட்டுமே.

மேட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டார்கள். ஒரு பங்குக்குப் பெயர் "கிளெய்ம்". நீளம் 31 அடி, அகலம் 31 அடி. நம் ஊரில் முக்கால் கிரவுண்டு நிலம் கூட வராது. இப்படி ஏறக்குறைய 470 கிளெய்ம்கள். ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆரம்பகால விதி. ஒவ்வொருவரும் தன் கிளெய்மைத் தோண்டிக்கொண்டே போனார்கள். மண்ணை உண்மையில் தோண்டியவர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்த பெடி, சோத்தோ, ட்ஸோங்கா இனத் தொழிலாளிகள். மேலே நின்று சலித்துப் பார்த்தவர்கள் வெள்ளையர்கள்.

மேலே இருந்த மண் மஞ்சள் நிறம், பொலபொலவென்று இருக்கும். அதில் வைரம் நிறையக் கிடைத்தது. ஐம்பது, அறுபது அடி போனதும் மஞ்சள் மண் முடிந்துவிட்டது. கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் கெட்டியான பாறை. மண்வெட்டி இறங்கவில்லை.

"அவ்வளவுதான், முடிந்தது" என்று பலர் முடிவு செய்தார்கள்.

இதை முட்டாள்தனம் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். 1870க்கு முன் உலகத்துக்கு வைரம் கொடுத்த நாடுகள் முக்கியமாக இரண்டு, இந்தியாவும் பிரேசிலும். கோல்கொண்டா வைரம் என்று புகழ்பெற்றதெல்லாம் பெரும்பாலும் கிருஷ்ணா நதிப் படுகையின் சரளைக் கற்களில் பொறுக்கியது. பிரேசிலிலும் ஆற்று மணல்தான். ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட வைரம் சரளையோடு முடிந்துவிடும். அடியில் பாறை தட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். உலகத்தில் அதுவரை யாரும் வைரத்தின் சொந்த வீட்டைத் தோண்டியதில்லை. கிம்பர்லியில் நின்றவர்கள் அந்த வீட்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

கிளெய்ம்களின் விலை ஆட்டம் கண்டது. சிலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். சிலர் நீலப் பாறையைக் கொஞ்சம் வெட்டி எடுத்து வெளியே போட்டு வைத்தார்கள். வெயிலும் மழையும் பட்டுச் சில மாதங்களில் அது தானாகவே உதிர ஆரம்பித்தது. உடைத்துச் சலித்தால் உள்ளே வைரம்! மஞ்சள் மண் என்பது வேறொன்றும் இல்லை, காலப்போக்கில் மக்கிப்போன நீலப் பாறைதான் அது.

இதற்கு விளக்கம் சொன்னவர்களில் முக்கியமானவர் எமில் கோஹன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர். 1872ல் அவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இது ஆறு கொண்டுவந்த மண் இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து எரிமலை போலக் கிளம்பி மேலே வந்த பாறை என்றார். அதாவது கீழே போகும் ஒரு குழாய். குழாய் என்றால் அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. 1887ல் ஹென்றி கார்வில் லூயிஸ் இந்தப் பாறைக்கு ஊரின் பெயரையே வைத்து "கிம்பர்லைட்" என்று பெயர் சூட்டினார். இந்தக் குழாய்கள் மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகியும் கேரட் கிழங்கு போல இருக்கும் என்பது பிறகு தெரிய வந்தது. (காரட் கணக்கில் விற்கும் பொருள் கேரட் வடிவத்தில் இருக்கிறது!)

பார்னி பார்னட்டோ என்ற லண்டன் இளைஞர் 1873ல் கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் கிம்பர்லிக்கு வந்தவர். சில்லறை வைர வியாபாரம் செய்து சேர்த்த 3,000 பவுண்டைக் கொட்டி 1876ல் சுரங்கத்தின் நடுப்பகுதியில் நான்கு கிளெய்ம்களை வாங்கினார். நீல மண்ணுக்கு அடியில் இன்னும் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அது பலித்தது. செசில் ரோட்ஸ் இன்னொரு பக்கம், பக்கத்தில் இருந்த டி பியர்ஸ் சுரங்கத்தில் கிளெய்ம்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் பணக்காரர்கள் ஆனதைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொரு விஷயத்தை அந்தக் கதைகள் சொல்வதில்லை. நீல மண்ணில் வைரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை எடுக்க முடியாமல் விற்றவர்கள் ஏராளம்.

ஏன் முடியவில்லை? மஞ்சள் மண்ணைத் தோண்டி அன்றே சலித்து அன்றே விற்கலாம். நீல மண் அப்படியில்லை. வெட்டி எடுத்து, நெல்லைக் களத்தில் காயப்போடுவது போலப் பெரிய மைதானத்தில் பரப்பிவைத்து, தண்ணீர் தெளித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கூலி கொடுக்க வேண்டும், களத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும், திருடு போகாமல் காவல் போட வேண்டும். கணக்குப் பாடத்தில் நடைமுறை மூலதனம் என்று படிப்போமே, அதேதான். தினக்கூலி போல வாழ்ந்த ஒரு சின்ன கிளெய்ம்காரரிடம் ஆறு மாதம் காத்திருக்கப் பணம் ஏது? கீழே இருக்கும் வைரத்தின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. காத்திருக்க முடிந்தவனுக்கு ஒரு மதிப்பு, முடியாதவனுக்கு வேறு மதிப்பு. கிம்பர்லியின் சொத்து சில கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் ஆழமே உண்டாக்கியது. ஒவ்வொருவரும் தன் 31 அடிச் சதுரத்தை மட்டும் தோண்டினால் என்ன ஆகும்? ஒருவர் பள்ளம் 80 அடியில், பக்கத்தவர் 40 அடியில். நடுவில் விட்டுவைத்த பாதைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பிறகு கிளெய்ம் ஒவ்வொன்றிலிருந்தும் பள்ளத்தின் விளிம்புக்குக் கம்பிக் கயிறு கட்டி மண்ணை மேலே இழுத்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பள்ளம் முழுவதும் சிலந்திவலை பின்னியது போலத் தெரியும். பள்ளம் இன்னும் ஆழமானதும் சுற்றியிருந்த பாறைச் சுவர்கள் இடிந்து உள்ளே விழ ஆரம்பித்தன. 1880களின் தொடக்கத்தில் பல கிளெய்ம்கள் இடிபாட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தன. அந்த இடிபாட்டை அள்ளும் செலவை யார் ஏற்பது என்று சண்டை. ஒருவருக்கு இரண்டு கிளெய்ம் என்ற விதி 1874ல் பத்து என்று தளர்ந்தது, 1876ல் வரம்பே நீங்கியது. தனிநபர்கள் போய்க் கம்பெனிகள் வந்தன. 1881ல் கிம்பர்லியில் பங்குப் பைத்தியம் பிடித்தது. கீழே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில், கிளெய்ம்களின் விலையை மனம்போன போக்கில் ஏற்றிக்காட்டி, அதை மூலதனம் என்று போட்டுப் பங்கு வெளியிட்டார்கள். அதே வருடம் வங்கிகள் கடனை நிறுத்தியதும் எல்லாம் சரிந்தது. நம் நாட்டு 1992ஐயும் அமெரிக்க 2008ஐயும் படித்தவர்களுக்கு இந்தப் பாட்டு பழக்கமான ராகம்தான்.

திறந்த பள்ளம் 240 மீட்டர் ஆழத்தோடு நின்றது. அதற்கு மேல் தோண்டினால் சுவர் நிற்காது. இனி பக்கவாட்டில் ஷாஃப்ட் இறக்கி, அடியிலிருந்து குடைந்துதான் எடுக்க வேண்டும். இங்கேதான் உண்மையான சிக்கல். ஒரே குழாயில் இரண்டு கம்பெனிகள். கிம்பர்லி சென்ட்ரல் என்று ஒன்று, பிரெஞ்சுக் கம்பெனி என்று இன்னொன்று. ஒருவர் குடைந்தால் மற்றவர் தரை உள்வாங்கும். அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரர் தூணை இடிப்பது போல. மேலே எல்லைக்கோடு போட்டுப் பிரிக்கலாம், 300 மீட்டருக்குக் கீழே எப்படிப் பிரிப்பது? எனவே யாராவது ஒருவர் மொத்தத்தையும் வாங்கியாக வேண்டும். வைர விலையைக் கட்டுப்படுத்தத்தான் ரோட்ஸ் எல்லாவற்றையும் இணைத்தார் என்று சொல்வார்கள். அது உண்மை. ஆனால் விலை ஆசை இல்லாவிட்டாலும் ஆழம் அந்த இணைப்பைக் கட்டாயமாக்கியிருக்கும்.

1887ல் ராத்சைல்ட் வங்கியின் உதவியோடு ரோட்ஸ் பிரெஞ்சுக் கம்பெனியை வாங்கினார். அதைப் பார்னட்டோவின் கையில் இருந்த சென்ட்ரல் கம்பெனிக்குக் கொடுத்து, பதிலுக்கு அதன் ஐந்தில் ஒரு பங்கை வாங்கி உள்ளே நுழைந்தார். 1888 மார்ச்சில் டி பியர்ஸ் கன்சாலிடேட்டட் மைன்ஸ் பதிவானது. சென்ட்ரல் கம்பெனியின் சிறு பங்குதாரர்கள் சிலர் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். தங்கள் கம்பெனி அதேபோன்ற இன்னொரு கம்பெனியோடுதான் சேரலாம் என்பது அவர்கள் வாதம். டி பியர்ஸின் பதிவுப் பத்திரத்திலோ ரயில் போடலாம், நாடு பிடிக்கலாம், படை கூட வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இது எப்படி ஒரு சாதாரணச் சுரங்கக் கம்பெனியைப் போன்றது ஆகும்? கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அதற்கும் வழி இருந்தது. பெரும்பான்மைப் பங்கு கையில் இருந்ததால் சென்ட்ரல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கலைத்த கம்பெனியின் சொத்தை டி பியர்ஸ் விலைக்கு வாங்கியது. 1889 ஜூலை 18 தேதியிட்ட அந்தச் செக்கின் தொகை 5,338,650 பவுண்டு. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் மொத்தப் பண்ணையும் போன விலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஆழத்துக்கான விலையைப் பணத்தில் மட்டும் கொடுக்கவில்லை. 1885 முதல் ஆப்பிரிக்கத் தொழிலாளிகளைச் சுற்றுச்சுவர் போட்ட முகாம்களில் அடைத்துவைக்கும் முறை வந்தது. ஒப்பந்தம் முடியும்வரை வெளியே போக முடியாது. போகும்போது உடல் முழுக்கச் சோதனை. 1888 ஜூலையில் டி பியர்ஸ் சுரங்கத்தில் பிடித்த தீயில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். கம்பெனியின் கணக்கில் இதெல்லாம் எந்தப் பத்தியிலும் வரவில்லை. வந்திருந்தால் கீழே போவது லாபமா என்ற கேள்விக்குப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கிம்பர்லி சுரங்கம் 1,097 மீட்டர் ஆழம்வரை போய், 1914 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதற்குள் 2 கோடியே 25 லட்சம் டன் மண்ணும் பாறையும் வெளியே வந்திருந்தன. கிடைத்த வைரம் ஏறக்குறைய 2,700 கிலோ. அதாவது ஒரு கிராம் வைரத்துக்கு எட்டு டன்னுக்கும் அதிகமான பாறை. மூடும்போது குழாய் முடிந்துவிடவில்லை. குறுகிவிட்டது. லோடுக்குக் கிடைத்த வைரமும் மேலே இருந்ததைவிடக் குறைவு. முதல் உலகப்போர் வைரச் சந்தையையே நிறுத்திவிட்டது. கீழே வைரம் இருந்தும், அதை எடுப்பது கட்டுப்படியாகவில்லை.

கோஹனின் குழாய்க் கொள்கை "கீழே பாறை தொடருமா?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொன்னது. "அந்தப் பாறை காசு பார்க்குமா?" என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடி இன்னொரு சுரங்கத்துக்குப் போக வேண்டும்.

பிரிட்டோரியாவுக்குக் கிழக்கே பிரீமியர் சுரங்கம். தாமஸ் கல்லினன் என்ற கட்டட கான்டிராக்டர் 1902ல் அந்தப் பண்ணையை 52,000 பவுண்டுக்கு வாங்கினார். மேற்பரப்பில் மட்டும் 32 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. டி பியர்ஸ் தரப்பில் இதைப் பார்க்க வந்த பிரான்சிஸ் ஓட்ஸ், யாரோ வேறு இடத்து வைரத்தைத் தூவி ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மோசடிகள் சகஜம் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1905 ஜனவரி 26 அன்று அந்தச் சுரங்கத்தின் சுவரிலிருந்து 3,106 காரட் எடையுள்ள ஒரே கல் வந்தது. கல்லினன் வைரம் என்று உலகப்புகழ் பெற்றது அதுதான். ட்ரான்ஸ்வால் அரசு 1907ல் அதை 1,50,000 பவுண்டுக்கு வாங்கி இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்தது.

இவ்வளவு பெரிய கல் கிடைத்தது. அதை வைத்து அந்தச் சுரங்கத்தின் ஆழத்துக்கு விலை போட முடியுமா? முடியாது. ஒரு லாட்டரிச் சீட்டுக் கடையில் ஒருவருக்கு முதல் பரிசு விழுந்துவிட்டது என்பதற்காக அந்தக் கடையின் எல்லாச் சீட்டுக்கும் அதே மதிப்பா?

பிரீமியர் சுரங்கம் உலகப் பொருளாதார மந்தத்தில் 1932ல் மூடப்பட்டு, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே கீழே இருந்த தடை விசித்திரமானது. குழாயின் நடுவே, ஏறக்குறைய 400 மீட்டர் ஆழத்தில், 70 மீட்டருக்கு மேல் கனமான கருப்புப் பாறை குறுக்கே படுத்திருந்தது. காப்ரோ என்று பெயர். அதில் ஒரு வைரமும் கிடையாது. கிம்பர்லியின் நீல மண் பார்ப்பதற்கு மட்டும்தான் அடித்தளம் போல இருந்தது. இது நிஜமாகவே ஒரு மூடி. ஆனால் புவியியல் இங்கே கைகொடுத்தது. குழாய் உண்டான பிறகு, அதை அறுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்த பாறை இது. ஆகவே மூடிக்குக் கீழே குழாய் தொடர வேண்டும். துளைபோட்டுப் பார்த்தார்கள், தொடர்ந்தது.

சரி, துளைபோட்டால் உள்ளே எவ்வளவு வைரம் என்று தெரிந்துவிடுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் துளையில் வெளியே வரும் பாறைத்தண்டு ஐந்து சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். ஒரு மீட்டர் தண்டின் எடை ஏறக்குறைய 5 கிலோ. சுரங்கத்தில் 100 டன்னுக்கு 40 காரட் இருப்பதாக வைத்துக்கொண்டால், 500 மீட்டர் துளைபோட்டு இரண்டரை டன் பாறையை எடுத்தாலும் அதில் மொத்தமே ஒரு காரட்தான் இருக்கும். அதுவும் பொடிப்பொடியாக. ஒரு கல்கூடக் கிடைக்காமல் போகலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பெரிய கல் கிடைக்கலாம். இரண்டும் பொய் சொல்லும். தங்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. சில கிலோ பாறையைப் பொடித்து உருக்கினால் டன்னுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் முடிவை வைத்து மொத்தப் படிவத்தையும் கணிக்கும் முறையை டேனி கிரிக் 1951ல் எழுதினார். "கிரிகிங்" என்று அவர் பெயராலேயே அது இன்றுவரை வழங்குகிறது. வைரத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் வைரம் பாறையில் கரைந்து கலந்திருக்கவில்லை, தனித்தனிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். பெரிய வைரம் அபூர்வம். ஆனால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்வைரங்கள் கிம்பர்லைட்டில் ஏராளம். நகைக்கு ஆகாது, விலையும் கிடையாது. பாறைத்தண்டைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து அதிக வெப்பத்தில் உருக்கினால் பாறை கரைந்துவிடும், நுண்வைரம் மிஞ்சும். அதை அளவுவாரியாக எண்ணுகிறார்கள். ஒரே குழாயில் பொடிக்கும் பெரிதுக்கும் இடையே ஒரு விகிதம் இருக்கும். மேல்மட்டத்தில் ஏற்கெனவே தோண்டி எடுத்ததை வைத்து அந்த விகிதம் தெரியும். கீழ்மட்டத்தில் பொடியின் எண்ணிக்கை தெரிந்தால் பெரியவை எத்தனை இருக்கலாம் என்று கணிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, இது அதைவிட ஒரு படி மேல். நொய்யை எண்ணி அரிசியைக் கணிப்பது!

இதோடு முடியவில்லை. எத்தனை காரட் என்பது பாதிக் கணக்கு. காரட் என்ன விலை என்பது மறுபாதி. லெசோதோ நாட்டின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன் பாறைக்கு இரண்டு காரட் கூடத் தேறுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூட வேண்டிய சுரங்கம். 1977ல் அதைத் திறந்த டி பியர்ஸ் 1982ல் மூடத்தான் செய்தது. ஆனால் அங்கே வரும் கற்கள் மிகப் பெரியவை. வேறொரு கம்பெனி 2004ல் மறுபடி திறந்தது. 2006ல் 603 காரட், 2018ல் 910 காரட் என்று கற்கள் வந்தன.

பெரிய கல்லைச் சாம்பிளில் உடைத்துவிட்டால் கணக்கே தப்பிவிடும். போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கம் இதற்கு நல்ல உதாரணம். அந்தக் குழாயை 1969ல் கண்டுபிடித்த டி பியர்ஸ், சின்னது, சரக்கு குறைவு என்று பல வருடம் ஒதுக்கி வைத்திருந்தது. 2012ல் லுகாரா என்ற கனடா கம்பெனி அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பாறையை நொறுக்குவதற்கு முன்பே எக்ஸ்ரே கதிரால் வைரத்தை அடையாளம் காணும் இயந்திரத்தைப் பொருத்திய 2015லேயே 1,109 காரட் கல் கிடைத்தது. அப்போதும் அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து தனியாக வந்திருந்தது. 2024 ஆகஸ்டில் ஏறக்குறைய 2,490 காரட் எடையில் ஒரு கல். கல்லினனுக்குப் பிறகு கிடைத்தவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது.

மறுபடி பிரீமியருக்கு வருவோம். மூடிக்குக் கீழேயும் இறங்கி, 1990களில் பாறையைத் தானே சரியவைத்து அடியில் வாங்கும் முறையில் டி பியர்ஸ் வைரம் எடுத்தது. நூற்றாண்டை ஒட்டி 2003ல் சுரங்கத்துக்குக் கல்லினன் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கும் கீழே ஒரு பெரிய பகுதி தொடாமல் கிடந்தது. அதைத் திறக்கப் புதிதாக ஷாஃப்ட், புதிதாகச் சுரங்கப் பாதைகள் எல்லாம் வேண்டும். முதல் வைரம் மேலே வருவதற்குப் பல வருடம் முன்பே பணம் கொட்ட வேண்டும். டி பியர்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தது, தனக்குக் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்தது. 2008ல் பெட்ரா டயமண்ட்ஸ் தலைமையிலான குழு 100 கோடி ராண்டுக்குச் சுரங்கத்தை வாங்கியது.

ஒரே பாறை, ஒரே சாம்பிள் அறிக்கைகள். விற்றவருக்கு அது சுமை, வாங்கியவருக்கு அது சொத்து. 1870களில் கிளெய்ம்காரரும் பார்னட்டோவும் எதிரெதிரே நின்றது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் இந்தமுறை விற்றவர் பெரிய முதலாளி, வாங்கியவர் சின்னவர்.

ஆரம்பம் அமோகம். 2009 செப்டம்பரில் 507 காரட் கல் கிடைத்தது. அடுத்த வருடம் அது 3 கோடியே 53 லட்சம் டாலருக்குப் போனது. பெட்ரா கடன் வாங்கி ஆழத்துக்கு இறங்கியது. கீழே பாறை இருந்தது, வைரமும் இருந்தது. ஆனால் 2014க்குப் பிறகு கச்சா வைரத்தின் விலை இறங்கியது. கணக்குப் போட்டபோது எழுதிய காரட் விலையும் கல்லை விற்கும்போது கிடைத்த விலையும் வேறு வேறு. கடன் பத்திரங்கள் மட்டும் 65 கோடி டாலர். 2020ல் கொரோனா வந்து வைர ஏலங்கள் நின்றதும் வட்டி கட்ட முடியவில்லை. கம்பெனியையே விற்கப் பார்த்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் கடன்காரர்கள் கடனில் பெரும்பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டார்கள். பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது 9 சதவீதம்.

அடுத்த மாதமே, 2021 ஏப்ரலில், அதே சுரங்கத்திலிருந்து 39 காரட் நீல வைரம் ஒன்று வெளியே வந்தது. ஜூலையில் 4 கோடியே 2 லட்சம் டாலருக்கு விற்றது. பட்டை தீட்டி 15.10 காரட்டாக ஆன அந்தக் கல் 2022 ஏப்ரலில் ஹாங்காங் ஏலத்தில் 5 கோடியே 75 லட்சம் டாலருக்குப் போனது. பெட்ராவிடமிருந்து கச்சாக் கல்லை வாங்கியவர்கள் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து. அதில் ஒன்று, அந்தச் சுரங்கம் கட்டுப்படியாகாது என்று 2008ல் விற்றுவிட்டுப் போன டி பியர்ஸ்.